இலையுதிர்காலமும் இரவுப் பேருந்தும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ் இல்லங்கள் பலவற்றுக்குக் கனடாவிலிருந்து வண்ணப் படங்கள் வரத் தொடங்கும். ரொறன்ரோவிலே வாழும் பெரியப்பாவும் சித்தியும் மைத்துனரும் வார விடுமுறையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டிருப்பர். படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் பொருந்திய வீட்டு வண்டியொன்றை வாடகைக்குப் பெற்று, அல்கொன்குவின் வனப் பூங்காவின் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கியிருப்பர். குங்குமமும் மஞ்சளும் அள்ளித் தெளித்தாற்போன்ற மேப்பிள் மரங்களின் முன்னே, தடித்த குளிர்ச்சட்டையணிந்து நகைமுகத்தோடு நிற்பர். படத்தின் கீழே, "அடுத்த வருஷம் நீங்களும் வாங்கோ, இதையெல்லாம் அங்கை எங்கை பாக்கிறது?" என்று ஒரு வரியும் இருக்கும்.

அழைப்பு அன்பினால் எழுந்தது. அதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆயினும் அவ்வரியின் பின்பாதியில் அடங்கிய எண்ணம் ஆராய்தற்குரியது. நம் நாட்டிலே இலை நிறம் மாறுவதில்லை. பழமைச் சின்னங்கள் உள்ளனவேனும் அவை பாடநூலுக்கும் பரீட்சைக்கும் மட்டுமே உரியவை. கண்டு மகிழத்தக்கது எதுவாயினும் அது கடலுக்கு அப்பாலேதான் உண்டு என்ற எண்ணம், கொழும்பிலே பிறந்து வளரும் நம் இளைஞரிடத்து வேரூன்றி வருகின்றது. இது பொருந்தாத எண்ணம் என்பதும், இதனை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, மூன்று பகற்பொழுதுகளும் ஒழுங்கான ஒரு பயணத் திட்டமுமே போதும் என்பதும் என் துணிபு.

முதலில் இலையைப் பற்றிப் பேசுவோம். 'இலையுதிர்காலம்' என்ற சொல்லை நம் மாணவர் ஐரோப்பிய நாடுகளின் நான்கு பருவங்களைப் படிக்கும்போதே கற்றுக்கொள்கின்றனர். தமிழ் மரபோ ஆண்டினை ஆறு கூறாக வகுத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பெயர்கள் மழையையும் குளிரையும் பனியையும் வெயிலையும் கொண்டு அமைந்தவை. இலை உதிர்வதைக் கொண்டு அமைந்த பெயர் அவற்றுள் இல்லை. ஆனால், இலையை நம் முன்னோர் கவனியாது விட்டனர் என்று கொள்ளுதல் கூடாது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாள் முழுவதற்கும் படிப்படியாகப் பெயரிட்ட மொழி நம்முடையது. உற்று நோக்காத மக்களிடத்தில் இத்தகைய சொற்கள் பிறந்திருக்க முடியா.

குளிர் நாடுகளில் நிகழ்வது யாது? பகற்பொழுது குறுகிக் குளிர் ஏற ஏற, இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுகாறும் பச்சையத்தின் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகின்றது. மேப்பிள் போன்ற மரங்களிற் சிவப்பு நிறப்பொருள் புதிதாகவும் உண்டாகின்றது. சில வாரங்களில் காம்பு கழன்று இலை வீழ்கின்றது. நம் நாட்டில் அத்தகைய குளிர் இல்லை. இருந்தும் இலை நிறம் மாறுகின்ற காட்சி நமக்கு இல்லாமற் போகவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையை அடுத்து நிற்கும் நாட்டு வாதுமையை நோக்குங்கள். சிங்களவர் கொட்டம்பா என்று வழங்கும் அம்மரம் தன் அகன்ற இலைகளைச் செக்கச் செவேலென்று சிவக்கவிட்டே உதிர்க்கின்றது. அச்சருகுகளை மிதித்துக்கொண்டு நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், 'இலையுதிர்காலம்' என்ற தலைப்பிற் கட்டுரை எழுத நேர்ந்தால் மேப்பிள் மரத்தையே எழுதுகின்றனர்.

இன்னும் பெரிய காட்சி தையிலும் மாசியிலும் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களில் நிகழ்கின்றது. அதுவே றப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் மரங்கள் முதலில் மஞ்சளாகிப் பின்னர் செம்பு நிறம் எய்தி, ஒரு காற்றுக்கு ஓராயிரம் இலைகளாகச் சொரிகின்றன. சில காலம் வெறுங்கிளைகளே வானத்திற் கோடிழுத்தாற்போல நிற்கும். பிறகு மென்மையான செம்பழுப்புத் தளிர் கிளைதோறும் தொங்கும். குளிர் நாட்டில் இலையுதிர்வுக்கும் தளிர்ப்புக்கும் இடையே நெடிய பனிக்காலம் உண்டு. இங்கே இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. ஒரே சரிவில் ஒரு பக்கம் பழுப்பையும் மறுபக்கம் தளிரையும் காணலாம்.

தளிரின் செம்மை நம் நாட்டுக்கு உரிய தனிச்சிறப்பு எனலாம். கறுவாவின் இளந்தளிர் சிவப்பு. மாவின் தளிர் செம்பு நிறம். அரசின் தளிர் இளஞ்சிவப்பு. 1986இல் இலங்கையின் தேசிய மரமாக ஏற்கப்பட்ட நாகமரத்தின் தளிரோ குருதிச் சிவப்பு. அங்கே இலை சிவப்பது விடைபெறும்போது. இங்கே பல மரங்களில் இலை சிவப்பது பிறக்கும்போது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை அறிந்தும் மற்றொன்றை அறியாமலும் வளர்வது கல்விக்கு அழகன்று.

இவ்வளவும் நம் சாலையோரத்தில் இருக்க, நாம் ஏன் காண்பதில்லை? காரணம் எளிது: நாம் இந்த நாட்டை இருளிலே கடந்து செல்கின்றோம். இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் காலி வீதியிலே யாழ்ப்பாணப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தை அறியாதார் யார்? ஏறியமர்ந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடுகின்றோம், போர்வையைப் போர்த்துக்கொள்கின்றோம், கண் விழித்தால் ஆனையிறவு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நிலம், அதன் குளங்கள், வயல்கள், காடுகள், பழைய தலைநகரங்கள் யாவும் நம் உறக்கத்தின் அடியிலே ஓடி மறைந்துவிடுகின்றன. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் அறிந்த மாணவன் ஒருவனை, "இடையிலே இருப்பது என்ன?" என்று வினவினால், "தேநீருக்கு நிறுத்தும் கடை" என்றே விடை கூறுவான்.

இவ்வழக்கம் தானாக வந்ததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் பயணம் என்பது காட்சி காண்பதற்குரியதாய் இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் பயணத்தின் பொருளையே மாற்றிவிட்டன. ஏ-9 வீதி நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேதான் மீண்டும் யாழ் நகரை அடைந்தது. சன்னல் வழியே நோக்குதல்கூட அச்சந்தருவதாயிருந்த காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வதே நற்பேறு என்று நம் பெற்றோர் கருதினர். அது அன்றைய தேவை. அத்தேவை நீங்கிய பின்னரும் வழக்கம் நீங்கவில்லை. அன்று அச்சத்தால் மூடிய திரைச்சீலையை இன்று பழக்கத்தால் மூடுகின்றோம்.

பகலிலே செல்லும் சுற்றுலாக்களும் உண்டே எனலாம். உண்டு, அவற்றின் திட்டத்தையும் நோக்குவோம். தவணை விடுமுறைக்குப் பத்து நாள் முன்பாகக் குடும்பத்தார் கூடி ஒரு பட்டியல் எழுதுவர். முன்னேச்சரம், அநுராதபுரம், திருக்கோணேச்சரம், கன்னியா வெந்நீரூற்று, பொலநறுவை, சிகிரியா, மாத்தளை முத்துமாரியம்மன், கண்டி, நேரமிருந்தால் பேராதனைப் பூங்கா. நாள்கள் இரண்டு. பதினான்கு ஆசனமுள்ள வானிற் பதினெட்டுப் பேர். பின்னாற் புளிச்சோற்றுப் பெட்டி. முன்னால் ஓயாத பாட்டு. பொலநறுவைக்கு ஒதுக்கப்பட்டது அரைமணி. அதிற் பாதி, படம் எடுப்பதிற் கழியும். வீடு திரும்பியதும், "எத்தனை இடம் பார்த்தீர்கள்?" என்று கேட்பவர்க்கு எண்ணிக்கை சொல்லலாம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பவர்க்குச் சொல்ல ஒன்றுமிராது. நல்ல நூலொன்றின் அட்டைகளை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நூலகத்தை விட்டு வெளியேறுவதை யாரும் வாசிப்பு என்று சொல்லமாட்டார்கள்.

குறை கூறுவதோடு நிற்றல் தகாது. ஆதலால் நான் கருதும் திட்டத்தையும் இங்கே முன்வைக்கின்றேன். காலம்: மாசி மாதத்தின் முற்பகுதி. வடகீழ்ப் பருவமழை ஓயும் அவ்வேளையில் உலர்வலயத்துக் குளங்கள் நிறைந்திருக்கும். வெயிலும் கடுமையாக இராது. றப்பர்ச் சரிவுகளும் நிறம் மாறி நிற்கும். தைப்பொங்கலுக்கும் மகா சிவராத்திரிக்கும் இடையே சுதந்திர தினமும் பூரணை விடுமுறைகளும் வருகின்றன. வார இறுதியோடு ஒன்றைப் பொருத்திக்கொண்டால் மூன்று நாள் கிடைக்கும். ஊர்தி: பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு வாடகை வான். பாதை: ஒரே பாதை. பழைய நகரம்: ஒன்றே ஒன்று. அது பொலநறுவை.

பயணம் கொழும்பிலேயே தொடங்கவேண்டும். புறப்படுவதற்கு முன்னைய வாரங்களில் மூன்று இடங்களுக்குச் செல்லுதல் நன்று. முதலாவது, 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை. பொலநறுவைச் சிவாலயங்களிற் கிடைத்த நடராசரும் காரைக்காலம்மையாரும் அங்கே எழுந்தருளியிருக்கின்றனர். ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலினாலும், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் ஆராய்ச்சியினாலும் அறிஞருலகம் அறிந்த திருவுருவங்கள் அவை. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் அங்கே உண்டு. சீனக் கடற்றலைவன் செங் கே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு நாட்டுவித்த அக்கல், சீனத்திற் புத்தரையும் தமிழிற் தேவேந்திரமுனைத் திருமாலையும் பாரசீகத்தில் இசுலாமியர் இறைவனையும் போற்றுகின்றது. இரண்டாவது, பொன்னம்பலவாணேசுவரர் கோயில். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவிலுள்ள இக்கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுக்கி எழுப்பினார். அதிட்டானம், தூண், போதிகை என்று கற்கட்டடத்தின் உறுப்புக்களை அங்கே பெயர் சொல்லி அறிந்துகொண்ட பிள்ளை, பொலநறுவையிற் சிதைந்த கல்லைக் கண்டாலும் அது எதன் உறுப்பென்று உணரும். மூன்றாவது, 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் நம் வாசலருகே இருக்கும் அந்நூலகத்திற் சோழர் காலத்து இலங்கையைப் பற்றி ஒரு மாலை வாசித்தால் போதும்.

முதல் நாள் விடியற்காலையிற் புறப்பட்டுக் கண்டி வீதி வழியே சென்று, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் இறங்கலாம். அமேசன் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் திரட்டிய றப்பர் வித்துக்கள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, 1876இல் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வளர்ப்பதற்கென அமைந்ததே அப்பூங்கா. அதைக் கண்ட பின் கேகாலைச் சரிவுகளைக் காணவேண்டும். அங்கே வானை நிறுத்தி, பாட்டையும் நிறுத்தி, ஒருமணி நேரம் நடக்கலாம். சருகு மிதிபடும் ஓசையைக் கேட்பதற்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. பின்னர் பொல்காவலை வழியாகக் குருநாகல் சென்று இரவு தங்கலாம். இரண்டாம் நாள் தம்புள்ளைக் குகை விகாரையையும், அதற்கு வடக்கே நாமல் உயன நாகமரச் சோலையையும் கண்டு, மாலைக்குள் பொலநறுவையை அடைந்து, பராக்கிரம சமுத்திரக் கரையிற் கதிரவன் மறைவதைக் காணலாம். மூன்றாம் நாள் முற்பகல் முழுவதும் கற்களுக்கு உரியது.

அங்கே காணவேண்டிய கற்கள் பல. ஆயினும் இரண்டை மட்டும் குறிப்பிடுகின்றேன். ஒன்று, தொல்லியலார் இரண்டாம் சிவாலயம் என்று எண்ணிட்டு வழங்கும் வானவன்மாதேவி ஈச்சரம். 993 அளவில் இராசராச சோழனின் படை அநுராதபுர அரசை வீழ்த்தியபின், பொலநறுவை சனநாதமங்கலம் என்ற பெயரோடு சோழரின் தலைநகராயிற்று. அக்காலத்தில், சோழ அரசியொருவரின் பெயரால், முற்றிலும் கல்லாலே எழுந்த சிறிய கோயில் அது. கருவறையிற் சிவலிங்கம் இன்றும் உண்டு. மற்றொன்று வேளைக்காரர் கல்வெட்டு. சோழரை 1070இல் வென்று நாட்டை ஒரு குடைக்கீழ் ஆண்ட முதலாம் விசயபாகு, தன் தலைநகரிற் புத்தரின் தந்தத் தாதுவுக்கு ஒரு மாளிகை எடுப்பித்தான். அவன் மறைந்தபின் அம்மாளிகையைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றனர். தம் படையின் பெயரையே அதற்குச் சூட்டினர். எக்காலத்தும் அதனைக் காப்போம் என்று உறுதி பூண்டு கல்லிற் பொறித்தனர். அவ்வுறுதிமொழி தமிழிலே பொறிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். "அவையெல்லாம் அவர்களுடைய இடங்கள், நமக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கூறுவர். வேறு சிலர், "நம்முடையவை என்று நிலைநாட்டவே செல்லவேண்டும்" என்பர். இவ்விரு கூற்றையும் நான் ஏற்கவில்லை. தொல்லிடங்களை உறுதிப்பத்திரங்களாக்கி வழக்காடும் பழக்கம் இந்நாட்டை எவ்வளவு துன்புறுத்தியுள்ளது என்பதை நாம் அறிவோம். சிவன் கோயிலைச் சோழர் எழுப்பினர். சோழரை வென்ற மன்னனின் பௌத்த மாளிகைக்குத் தமிழில் உறுதிமொழி எழுந்தது. இவ்விரண்டு கற்களையும் ஒரே முற்பகலிற் காணும் பிள்ளைக்கு, வரலாறு ஒரு வேலியால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட காணியன்று என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். உரிமை கொண்டாடுவதற்காகவோ ஒதுங்கி நிற்பதற்காகவோ செல்லாமல், வாசிப்பதற்காகச் செல்லவேண்டும் என்பதே நான் வேண்டுவது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கேகாலைச் சரிவில் நாம் அழகென்று காணும் இலையுதிர்காலம், அம்மரங்களிற் பால் வெட்டுவோர்க்கு வறுமைக்காலம். இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் வாரங்களில் மரத்திற் பால் குறைகின்றது. மரத்துக்கு ஓய்வு கொடுக்கப் பல இடங்களில் வெட்டையே நிறுத்திவிடுகின்றனர். பால் இல்லையேல் வேலை நாளும் குறையும். அவ்வேலை செய்வோரிற் சிங்களவரும் உளர். லயன் அறைகளில் வாழும் தமிழரும் உளர். பின்னவருள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பலர். நாடற்றவராகவே எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. செம்பிலைகளின் நடுவே நின்று படம் எடுக்கும் நம் பிள்ளைகள், கத்தியும் வாளியுமாக எதிரே வரும் அத்தொழிலாளியோடு நான்கு வார்த்தை பேசவேண்டும். வெட்டு எப்படி, சிரட்டையில் எவ்வளவு பால் சேரும், இம்மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிகின்றது என்று கேட்கவேண்டும். அவ்வுரையாடல் இல்லாத பயணம், வண்ணப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்த்ததற்கே நிகராகும்.

மெல்லச் செல்லும் பயணம் நமக்குப் புதியதுமன்று. வீட்டு வண்டியைக் கனடாவிற் கண்டு வியக்கின்றோம். நம் பாட்டன்மாரின் கூடார மாட்டு வண்டி அதற்கு முந்தியதன்றோ? வைக்கோலைப் பரப்பி மேலே பாய் விரித்து, அரிசியும் பானையும் பின்னே கட்டி, பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் சென்றனர். மரநிழலில் வண்டியை அவிழ்த்து, மூன்று கல் வைத்து உலை ஏற்றினர். மாட்டின் நடைக்கேற்ப வழி நீண்டது. வழி நீண்டபடியால் வழியிலுள்ள மரமும் மடமும் கேணியும் அவர்களுக்குப் பெயரோடு தெரிந்திருந்தன. நாம் விரைவைப் பெற்றோம், அப்பெயர்களை இழந்தோம்.

செலவு பற்றிக் கவலுவோர்க்கு ஒரு சொல். வானும் இரண்டு இரவுத் தங்கலும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய செலவல்ல என்பது மெய்யே. ஆனால் அதே குடும்பம் வெளிநாட்டு விசா விண்ணப்பத்துக்கு ஆண்டுக்கணக்காகச் சேமிக்கின்றது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்தாற் சுமை பாதியாகும். பாடசாலைகளோ, உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு ஒரு பேருந்தில் இதே பாதையை இன்னும் எளிதாகச் செல்லலாம்.

ஆகவே ஆசிரியர்களிடத்தும் இலக்கிய வட்டத்தினரிடத்தும் நான் வேண்டுவது இதுவே. வருகின்ற மாசியில், ஒரு முறையேனும், நம் இளைஞரை இந்நாட்டின் ஊடே பகலில் அழைத்துச் செல்லுங்கள். பட்டியலைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். அவர்களுட் பலர் நாளை கடல் கடந்து செல்லவே போகின்றனர். அதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. அவ்வாறு செல்வோர் மேப்பிள் மரத்தின் கீழே நிற்கும்போது, இதைப்போன்ற ஒன்றைக் கேகாலையிற் கண்டோம் என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வல்லவராயிருந்தால், அவர்கள் கொண்டு சென்ற பெட்டியிற் பிறந்த நாடும் இருக்கும். திரைச்சீலைக்குப் பின்னே உறங்கியே கடந்தவர்க்கு அது வாய்க்காது.